பேயரா, பையரா? ஆங்கிலத்தில் பிராண்டாகிப்போன ஜெர்மன் குடும்பப் பெயர்கள்

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் தினசரி புழங்கும் பிராண்டுகளில் எவையெல்லாம் ஜெர்மன் குடும்பப் பெயர்கள்? இத்தனை பெயர்கள் எப்படி உள்ளே வந்தன?

பட்டியல் மட்டும் போதும் என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். போஷ், சீமென்ஸ், பேயர், மெர்க், பென்ஸ், போர்ஷே, சைஸ், பிரவுன், நெஸ்லே, ஃபைசர், ஹைன்ஸ், போயிங், ஸ்டைன்வே, ஷ்வெப்ஸ், ராய்ட்டர்ஸ், பிர்கன்ஸ்டாக். எல்லாமே ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஆளின் பெயருக்குப் பின்னால் நின்றவை. ஆனால் இவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் வேறொன்று கண்ணில் படும். பெயர் எந்த அளவுக்குப் பெரிதானதோ, அந்த அளவுக்கு அது அந்தக் குடும்பத்தின் கையை விட்டுப் போயிருக்கிறது. சில பெயர்களைப் போர் பறித்தது, சிலவற்றை நீதிமன்றம் பறித்தது, சிலவற்றை உரியவரே விற்றுவிட்டார். எனக்கு இந்த விஷயத்தில் சுவாரசியமே அதுதான். அதனால் பட்டியலை விட்டுவிட்டு அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில், ஏன் குடும்பப் பெயர்? குலப்பெருமை என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் சட்டம். 1900-ல் அமலுக்கு வந்த ஜெர்மன் வணிகச் சட்டப்படி, தனி ஆளாகத் தொழில் நடத்துபவர் தன் குடும்பப் பெயரையும் அதோடு ஒரு முதற்பெயரையாவது சேர்த்துத்தான் கடையைப் பதிவு செய்ய முடியும். கூட்டுத் தொழில் என்றால் பங்குதாரர்களில் ஒருவர் பெயராவது இருந்தாக வேண்டும். பாக்கி யாரிடம் கேட்பது என்பது பலகையைப் பார்த்தாலே தெரிய வேண்டும், அவ்வளவுதான். மனம்போனபடி பெயர் வைக்கும் சுதந்திரம் தனி வியாபாரிக்கு 1998-ல்தான் கிடைத்தது. ஆனால் அதே சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருந்தது: தொழிலை விலைக்கு வாங்கியவர், விற்றவர் சம்மதித்தால், அவர் பெயரிலேயே தொடர்ந்து நடத்தலாம். ஆக, பெயரை ஆளோடு கட்டிய கையே அவிழ்த்தும் விட்டது.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் இது கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம். நம் பக்கத்தில் இந்த வேலையை இனிஷியல் செய்தது. டி.வி.சுந்தரம் அய்யங்காரின் கம்பெனி டி.வி.எஸ். ஆனது அப்படித்தான்.

இனி பேயர். 1863-ல் பார்மன் என்ற ஊரில் ஃபிரெட்ரிக் பேயரும் யோஹான் வெஸ்கோட்டும் சேர்ந்து தொடங்கிய சாயக் கம்பெனி இது. 1899-ல் ஆஸ்பிரினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தனியே கம்பெனி, நியூயார்க் மாகாணத்தில் சொந்தத் தொழிற்சாலை என்று வேரூன்றிய நேரத்தில் முதல் உலகப் போர் வந்தது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் எதிரி நாட்டவர் சொத்தையெல்லாம் அரசு கையகப்படுத்தியது. கட்டடமும் இயந்திரமும் மட்டுமல்ல, காப்புரிமை, வணிகச் சின்னம், கடைசியில் கம்பெனியின் பெயரும் அந்தச் சொத்தில் அடக்கம். 1918 டிசம்பரில் ஏலம் விட்டார்கள். ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி சுமார் 53 லட்சம் டாலருக்கு எடுத்தது. அன்றிலிருந்து அமெரிக்கக் கடைகளில் விற்ற பேயர் ஆஸ்பிரினுக்கும் ஜெர்மனியில் இருந்த பேயருக்கும் சம்பந்தம் இல்லை. பெயர் அதே பெயர், குறுக்கும் நெடுக்குமாக எழுதிய அந்தச் சிலுவைச் சின்னமும் அதே சின்னம், வருமானம் மட்டும் வேறு வீட்டுக்கு.

இதற்கு நடுவே இன்னொரு அடி. 1921-ல் நியூயார்க்கில் லேர்னட் ஹேண்ட் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். ஆஸ்பிரின் என்ற சொல்லை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தலாமா என்பது வழக்கு. பேயர் பல வருடங்கள் ஆஸ்பிரின் தூளை மற்ற மருந்துக் கம்பெனிகளுக்கு விற்றது. அவர்கள் மாத்திரையாக்கித் தங்கள் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். வாங்கிய சாதாரண மனிதர் ஆஸ்பிரின் என்று பார்த்தாரே தவிர பேயர் என்ற பெயரைப் பார்க்கவே இல்லை. ஆகவே மருத்துவருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் அது பேயரின் சரக்கைக் குறிக்கும் பெயர்தான், ஆனால் பொதுமக்களைப் பொறுத்தவரை அது வெறும் மருந்தின் பெயர் என்று அவர் பிரித்துச் சொன்னார். ஒரு சொல் யாருக்கு என்னவாகக் கேட்கிறது என்பதை வைத்து அதன் உரிமையை இரண்டாக வெட்டிய தீர்ப்பு. வணிகச் சின்ன வழக்குகளில் இதைவிடத் தெளிவாக யோசித்த தீர்ப்பு அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். எல்லை தாண்டி கனடாவுக்குப் போனால் ஆஸ்பிரின் இன்றும் பேயரின் பதிவு பெற்ற சின்னம்தான்.

ஜெர்மன் பேயர் பிறகு அமெரிக்காவில் வியாபாரம் செய்யாமல் இல்லை. வேறு பெயர்களில் செய்தது. 1954-ல் மான்சாண்டோ என்ற அமெரிக்க ரசாயனக் கம்பெனியுடன் கூட்டாகத் தொடங்கிய ரசாயனக் கம்பெனிக்கு இருவர் பெயரின் துண்டுகளையும் ஒட்டி மோபே என்று வைத்தார்கள். மருந்து வியாபாரம் மைல்ஸ் என்ற பெயரில் நடந்தது. கடைசியில் 1994-ல் 100 கோடி டாலர் கொடுத்து, ஸ்டெர்லிங்கின் பழைய வியாபாரத்தை வாங்கி, தன் பெயரைத் தானே மீட்டுக்கொண்டது. ஏலம் போய் 76 வருடம் ஆகியிருந்தது. அதற்குள் அமெரிக்கர்கள் வாயில் அது 'பேயர்' என்று படிந்துவிட்டது. ஜெர்மனியில் 'பையர்'. பவேரியாக்காரன் என்ற பொருளில் வந்த சாதாரணக் குடும்பப் பெயர். 2018-ல் இதே பேயர் 6,300 கோடி டாலருக்கு மான்சாண்டோவை விழுங்கியதும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, மான்சாண்டோ என்ற பெயரை ஒழித்தது. அதுவும் ஒரு குடும்பப் பெயர்தான். கம்பெனியைத் தொடங்கிய ஜான் குவீனி தன் மனைவி ஓல்காவின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்திருந்தார்.

பேயராவது பெயரை மீட்டது. மெர்க்கின் கதை இன்னும் முடியவே இல்லை. 1668-ல் ஃபிரெட்ரிக் யாக்கோப் மெர்க் என்பவர் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு மருந்துக் கடையை வாங்கினார். அங்கிருந்து தொடங்குகிறது கணக்கு. 1891-ல் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் மெர்க் நியூயார்க் போய் அமெரிக்கக் கிளையைக் கவனித்தார். போர்க்காலத்தில் அதுவும் பறிபோனது. போர் முடிந்ததும் ஜார்ஜ் பணம் திரட்டி, ஏலத்தில் தானே எடுத்தார். ஆனால் இனி டார்ம்ஸ்டாட்டுடன் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு தனிக் கம்பெனிகள் ஆயின. பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: அமெரிக்காவிலும் கனடாவிலும் மெர்க் என்றால் அமெரிக்கக் கம்பெனி, மற்ற உலகத்தில் மெர்க் என்றால் ஜெர்மன் கம்பெனி. அதனால்தான் அமெரிக்க மெர்க் நம் நாட்டில் எம்.எஸ்.டி. என்ற பெயரில் வருகிறது. ஜெர்மன் மெர்க் அமெரிக்கா போனால் இ.எம்.டி. ஆகிவிடும்.

காகிதத்தில் கோடு போட்டுப் பெயரைப் பிரித்தாயிற்று, இன்டர்நெட்டில் எப்படிப் பிரிப்பது? 2011-ல் ஃபேஸ்புக்கில் மெர்க் என்ற பக்கம் தங்களிடமிருந்து அமெரிக்கர்கள் கைக்குப் போய்விட்டது என்று ஜெர்மன் மெர்க் நியூயார்க் நீதிமன்றத்துக்கே போனது. 2016-ல் லண்டன் நீதிமன்றம், அமெரிக்க மெர்க்கின் இணையதளம் பிரிட்டன் வாசகர்களை நோக்கி மெர்க் என்று தன்னைச் சொல்லிக்கொள்வது உடன்பாட்டை மீறியது என்றது. நமக்கு இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. கை மரத்துப்போகிறது என்றால் வீட்டுக்கு வீடு சொல்லும் நியூரோபியான் மாத்திரை, டார்ம்ஸ்டாட் மெர்க்கின் சரக்கு. 2018-ல் அந்தப் பிரிவையே பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கிவிட்டது. இந்திய மெர்க் கம்பெனியின் பெயரும் அடுத்த வருடம் மாறியது. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாத்திரை அதே மாத்திரை, மெர்க் மட்டும் இருக்காது.

போர் இல்லாமலே பெயரை இழந்தவர்களும் உண்டு. அவுகுஸ்ட் ஹோர்ஷ் 1899-ல் கார் கம்பெனி தொடங்கி, கூட்டாளிகளோடு தகராறு வந்து 1909-ல் வெளியேறினார். அதே ஊரில், ஸ்விக்காவ் நகரில், மீண்டும் தன் பெயரிலேயே இன்னொரு கம்பெனி ஆரம்பித்தார். பழைய கம்பெனி வழக்குப் போட்டது. தன் சொந்தக் குடும்பப் பெயரைத் தானே வைக்க முடியாது என்று தீர்ப்பு. அப்புறம், 'கேள்' என்ற பொருள் கொண்ட அந்தப் பெயரை லத்தீனில் பெயர்த்து அவுடி என்று வைத்த கதை எல்லோரும் எழுதியதுதான். அதிகம் எழுதப்படாதது அதன் பின்பாதி: 1932-ல் நான்கு கம்பெனிகள் இணைந்தபோது ஹோர்ஷும் அவுடியும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. அவுடிக் காரின் நான்கு வளையங்களில் ஒன்று அவர் இழந்த பெயருக்கு, ஒன்று அதற்கு மாற்றாக அவர் வைத்த பெயருக்கு.

ஸ்டைன்வே வழக்கு இதைவிட விசித்திரம். ஹார்ஸ் மலைப்பகுதிக்காரரான ஹைன்ரிக் ஸ்டைன்வேக் பியானோ செய்பவர். 1850-ல் குடும்பத்தோடு நியூயார்க் போனார். 1853-ல் மகன்களோடு கம்பெனி தொடங்கினார். ஆங்கிலக் காதுக்கு ஏற்ப ஸ்டைன்வேக் என்பது ஸ்டைன்வே ஆனது. மூத்த மகன் தியோடோர் மட்டும் ஜெர்மனியில் தங்கி அங்கே பியானோ செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் இரண்டு தம்பிகள் அடுத்தடுத்து இறந்துபோக, 1865-ல் அவரும் தன் பட்டறையை குரோட்ரியான் என்பவரும் கூட்டாளிகளும் கைக்கொள்ளும்படி விற்றுவிட்டு நியூயார்க் போனார். வாங்கியவர்கள் 'தியோடோர் ஸ்டைன்வேக்கின் வாரிசுகள்' என்று போட்டுக்கொண்டார்கள். முன்னால் சொன்ன சட்டக் கதவு மாதிரிதான் இதுவும். காலப்போக்கில் குரோட்ரியான் குடும்பத்தினர் பியானோ விற்பனைக்காகத் தங்கள் சொந்தப் பெயரையே சட்டப்படி குரோட்ரியான்-ஸ்டைன்வேக் என்று மாற்றிக்கொண்டார்கள். குடும்பப் பெயர் பிராண்டாவதைத்தான் கேள்விப்பட்டிருப்போம். இங்கே பிராண்டு ஒன்று வேறொரு குடும்பத்தின் பெயராகிவிட்டது.

அது எடுபடவில்லை. 1975-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பெயரோடு அமெரிக்காவில் பியானோ விற்கக் கூடாது என்றது. காரணம் கவனிக்கத்தக்கது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து பியானோ வாங்குபவர் கடைசி நிமிடம் வரை ஏமாந்துபோக மாட்டார், நீதிபதிகளுக்கும் அது தெரியும். ஆனால் ஸ்டைன்வேக் என்ற பெயரைக் கேட்டு, ஸ்டைன்வேயோடு ஏதோ உறவு போல என்று கடைக்குள் நுழைந்தாலே போதும், அந்த முதல் ஈர்ப்பே குழப்பம்தான் என்றார்கள். பின்னாளில் இணையத் தேடல் விளம்பர வழக்குகளில் வக்கீல்கள் இந்த வாதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: அசல் எழுத்துப்படி பார்த்தால் ஸ்டைன்வேக் என்பதுதான் ஒரிஜினல்.

எழுத்து மாறியவை இன்னும் எத்தனையோ. ஹாகன் வட்டாரத்து வில்ஹெல்ம் போயிங், ஜெர்மன் எழுத்தில் ஓவின் தலைமேல் இரண்டு புள்ளி வைத்து எழுதியவர். அமெரிக்காவில் பிறந்த மகன் வில்லியம், புள்ளிகளை விட்டுவிட்டு எழுத்தை நீட்டிக்கொண்டார். விமானம் செய்தவர் அவர்தான். கூர்ஸ் பீர்க்காரர் குர்ஸ் ஆக இருந்தவர். மில்லர் பீர், முல்லர். கிரைஸ்லர் காரின் முன்னோர் 1709-ல் ரைன் நதிப் பக்கமிருந்து கப்பலேறிய கிரைஸ்லர்கள், எழுத்துதான் வேறு. டாக்டர் மார்ட்டன்ஸ் பூட்ஸில் அந்த டாக்டர் உண்மையானவர்: கிளாவுஸ் மேர்ட்டன்ஸ், ஜெர்மன் ராணுவ மருத்துவர். 1945-ல் பனிச்சறுக்கில் கணுக்கால் அடிபட்டு, தனக்கென்று மெத்தென்று காற்றடைத்த அடிப்பாகம் வைத்த செருப்பைச் செய்தார். நார்த்தாம்ப்டன்ஷையர் செருப்புக் கம்பெனி ஒன்று உரிமையை வாங்கி, ஜெர்மன் வாடை அடிக்காமல் பெயரைக் கொஞ்சம் மழித்து, 1960 ஏப்ரல் 1-ல் முதல் ஜோடியை வெளியிட்டது. மாடல் எண் 1460 என்பது அந்தத் தேதியேதான்.

உச்சரிப்பை ஆங்கிலம் எப்படி உடைத்தது என்பதைத் தனியே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து வந்தால் ஒன்றை முழுங்கிவிடுவார்கள். ஃபைசரில் ஜெர்மன்காரர் சொல்லும் 'ப்' காணாமல் போனது. சூப் பாக்கெட்டில் வரும் க்நோர், 'நார்' ஆனது. போர்ஷேயின் கடைசி உயிரெழுத்து பாதிப் பேர் வாயில் வராது. நெஸ்லே இன்னும் சுவாரசியம். ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஹைன்ரிக் நெஸ்லே சுவிட்சர்லாந்து போய் ஆன்ரி நெஸ்லே ஆகி, கடைசி எழுத்துக்கு பிரெஞ்சுக் கொம்பும் போட்டுக்கொண்டார். குடும்பச் சின்னத்தில் இருந்த பறவைக் கூட்டையே தன் குழந்தை உணவு டப்பாவில் போட்டார். இந்த அலங்காரமெல்லாம் பிரிட்டனில் செல்லுபடியாகவில்லை. அங்கே பல தலைமுறை அதை 'நெசில்ஸ்' என்றே சொன்னது. 1875-ல் அவர் கம்பெனியைப் பெயரோடு சேர்த்து விற்றுவிட்டு ஒதுங்கிவிட்டார்.

சில பெயர்களின் வாலில் ஒரு 'ஸ்' தொங்கும். அது இன்னாருடைய கடை என்று சொல்ல ஆங்கிலம் ஒட்டிய உருபு. ஹெஸ்ஸே பகுதியில் பிறந்து ஜெனீவாவில் கடிகாரமும் நகையும் செய்துகொண்டிருந்த யோஹான் யாக்கோப் ஷ்வெப்பே, தண்ணீரில் வாயுவை ஏற்றும் வித்தையைக் கற்று 1783-ல் சோடா தொழில் தொடங்கினார், 1792-ல் லண்டன் போனார். சில வருடங்களிலேயே பெரும் பங்கை விற்றுவிட்டு ஜெனீவா திரும்பிவிட்டார். ஷ்வெப்பேயின் சோடா, ஷ்வெப்ஸ் ஆகி அங்கேயே தங்கிவிட்டது. ராய்ட்டர்ஸ் கதையில் குடும்பப் பெயரே புதிது. காஸல் நகரத்து யூதக் குடும்பத்தில் இஸ்ரேல் பேர் யோசபாத் என்று பிறந்தவர், 1845-ல் லண்டனில் ஞானஸ்நானம் பெற்று பால் ஜூலியஸ் ராய்ட்டர் ஆனார். ஆஹனுக்கும் பிரஸல்ஸுக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாத தூரத்துக்குப் புறாக்களில் பங்குச் சந்தை விலை அனுப்பியவர் இவர்தான். 1851-ல் லண்டனில் அலுவலகம் திறந்தார்.

இனி, பெயர் முழுசாகக் கரைந்துபோன இரண்டு பேர். ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரீஸில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தார். 1897-ல் அவுக்ஸ்பர்க்கில் சோதித்த அவருடைய எஞ்சின் 20 குதிரைத்திறன் தந்தது. எரிபொருளில் இருந்த ஆற்றலில் 26 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் கிட்டத்தில்கூட வராது. பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தியே சூடாக்கி, அதில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் தெளிப்பதற்கு அவர் தனியாக ஒரு காற்று கம்ப்ரஸர் வைக்க வேண்டியிருந்தது. கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் சரி, லாரியில் எப்படி ஏற்றுவது? 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில் இருந்து அவர் காணாமல் போனார். அந்தச் சிக்கல் அப்போது தீர்ந்திருக்கவில்லை.

தீர்த்தது இன்னொரு குடும்பப் பெயர். ராபர்ட் போஷ், 1886-ல் ஷ்டுட்கார்ட்டில் சின்னப் பட்டறை வைத்தவர், 1927-ல் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். எண்ணெயை நேராகவே மிகுந்த அழுத்தத்தில், இம்மி அளவு பிசகாமல் பீய்ச்சும் பம்பு. அதன் பிறகுதான் டீசல் ரோட்டில் பரவலானது. நம் ஊர் பைபாஸ் ஓரத்தில் 'டீசல் பம்ப் சர்வீஸ்' என்று பலகை தொங்கும் பட்டறைகள் எல்லாம் இந்த ஒரு பொருளை நம்பித்தான். பெங்களூரில் மைக்கோ என்ற பெயரில் அதைச் செய்த கம்பெனி 2008-ல் போஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டாலும், பழைய லாரி மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் மைக்கோ பம்புதான். போஷ் என்ற பெயர் பெரிய எழுத்தோடு பிராண்டாக நின்றது. டீசல், ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் எழுதும் சரக்காகிவிட்டது. 'டீசல் என்ன விலை' என்று கேட்கிற யாருக்கும் அந்த மனிதர் நினைவுக்கு வரமாட்டார்.

இரண்டாமவர் ஜோசப் பிலாட்டீஸ். 1883-ல் மொன்ஷன்கிளாட்பாக்கில் பிறந்தவர். முதல் போர் வெடித்தபோது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவர் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே செய்து பார்த்த உடற்பயிற்சி முறையை 1926 முதல் நியூயார்க்கில் சொல்லிக்கொடுத்தார். அவர் வைத்த பெயர் கன்ட்ராலஜி. அது யாருக்கும் நினைவில் இல்லை. சீடர்கள் ஆசிரியரின் பெயரையே பயிற்சிக்கும் சொன்னார்கள். அவர் இறந்து பல வருடம் கழித்து அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்திருந்த ஒருவர், அனுமதியில்லாமல் பயன்படுத்தியவர்கள்மீது வழக்குப் போட்டார். யோகா, கராத்தே போல இதுவும் ஒரு பயிற்சி முறையின் பெயர், தனிச் சொத்தல்ல என்று 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் பிலாட்டீஸ் வகுப்பு நடத்துபவர்கள் யாருக்கும் பெயருக்காகக் காசு கட்ட வேண்டியதில்லை.

குடும்பப் பெயர் என்று நினைத்து ஏமாறக்கூடியவை மூன்று. லீவைஸ் ஜீன்ஸில் இருப்பது முதற்பெயர், குடும்பப் பெயர் ஸ்ட்ராவுஸ். அடிடாஸ், ஆடி டாஸ்லர் என்ற பெயரின் முதலும் முதலுமாக ஒட்டியது. அவருடைய அண்ணன் ருடால்ஃபும் அதே பாணியில் ரூடா என்று ஆரம்பித்துப் பிறகு பூமாவுக்குப் போனார். மெர்சிடிஸ் ஒரு சிறுமியின் பெயர். கார் வியாபாரி எமில் யெல்லினெக்கின் மகள். கார் பிரபலமானதும் 1903-ல் அப்பா தன் குடும்பப் பெயரோடு மெர்சிடிஸைச் சேர்த்துக்கொண்டார். ஆங்கிலம் பேசுபவர்கள் மெர்சிடிஸ் என்பார்கள். நாம் மட்டும் விடாமல் பென்ஸ் என்கிறோம். கேட்ட கேள்விப்படி பார்த்தால் நாம் சொல்வதுதான் குடும்பப் பெயர்.

இன்று யார் கையில் எது என்றால்: ஸ்டைன்வே குடும்பம் 1972-ல் விற்றுவிட்டது. பிரவுன் ரேஸர் 1967-ல் ஜில்லெட்டுக்கும், அதன் வழியாகப் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கும் போயிற்று. 1774-லிருந்து செருப்புத் தைக்கும் பிர்கன்ஸ்டாக் குடும்பம் 2021-ல் பெரும் பங்கை விற்றது, 2023-ல் கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. போஷில் பெரும்பான்மைப் பங்கு ஓர் அறக்கட்டளையிடம். வாஷிங் மெஷின் செய்யும் மீலே மட்டும் 1899-ல் தொடங்கிய இரண்டு குடும்பங்களிடமே இருக்கிறது. டார்ம்ஸ்டாட் மெர்க்கில் சுமார் 70 சதவீதம் இன்னும் மெர்க் வாரிசுகள் கையில்தான், ஆனால் அமெரிக்காவில் அவர்கள் இ.எம்.டி.தான்.